தூணைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளை: சிறுவர் கதையில் வருணனை எழுதும் வழி

செட்டிநாட்டு வீட்டைக் களமாக வைத்துச் சிறுவர் கதை எழுதுகிறவர்கள் என்னிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதுண்டு. முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடிகளும் நிறைந்த, பிரம்மாண்டமான அரண்மனை போன்ற அந்த வீட்டில் முத்து என்ற சிறுவன் வாழ்ந்து வந்தான்."

இதில் எந்தத் தகவலும் பொய்யில்லை. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததுதான், பளிங்கு இத்தாலியிலிருந்து வந்ததுதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு பர்மாவும் தெரியாது, இத்தாலியும் தெரியாது. பிரம்மாண்டம் என்றால் எவ்வளவு பெரிசு என்பதும் தெரியாது. வாக்கியம் முடிந்த பிறகும் அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு தூண்கூட எழும்பியிருக்காது. அதையே இப்படி எழுதலாம்:

"முத்து தூணைக் கட்டிப்பிடித்தான். கைகள் சந்திக்க இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது. 'உமையா, உன் கையைக் கொடு' என்றான். உமையாள் தன் கையை இடையில் வைத்தாள். வட்டம் சரியாக முடிந்தது. முத்து கன்னத்தைத் தூணில் வைத்தான். வழவழவென்று இருந்தது. பழைய எண்ணெய் வாசம் அடித்தது."

பர்மா போய்விட்டது. தூண் வந்துவிட்டது. அதோடு முத்துவுக்கு ஒரு தோழி இருக்கிறாள், இருவரும் கேட்டால் கொடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் என்பதும் சேர்ந்து வந்துவிட்டது. சிறுவர் கதையில் ஒரு பொருளை வருணிக்க வேண்டுமானால், அதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அப்பா கானாடுகாத்தான் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் பார்த்தவர். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வருவார்கள். மற்ற நாட்களில் சாவிக்கொத்து அப்பா இடுப்பில். பளிங்குத் தரை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். மே மாத மதியத்தில் வயிறு படப் படுத்தால் அந்தத் தரை எப்படிக் குளிரும் என்பது நான்கு வயதிலேயே தெரியும். அப்புறம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தபோது கவனித்தேன்: எந்தப் பிள்ளையும் பொருள்களை இந்த வரிசையில்தான் தெரிந்துகொள்கிறது. முதலில் தொடும், அப்புறம் கேட்கும், பெயரும் ஊரும் கடைசியில்தான்.

முதலில் தரையில் உட்காருங்கள்

எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 செ.மீ. கண் இருப்பது ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாலே அதைவிட உயரத்திலிருந்துதான் பார்க்கிறீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வளவின், அதாவது வீட்டு நடுவில் வானம் தெரியும் முற்றத்தின், ஓரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது கண்ணில் படுகிற கூரை வேலைப்பாடும் நிலைக்கு மேலே செதுக்கிய லட்சுமியும் இப்போது எட்டாத தூரத்தில் இருக்கும். ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கம் தெரியும். தூணுக்கு அடியிலுள்ள கல்லில் எறும்பு போகிற பாதை தெரியும். மழைத்தண்ணீர் வெளியேறுகிற துளையும், அதற்குள் யாரோ எப்போதோ தொலைத்த புளியங்கொட்டையும் தெரியும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டிய பொருள்களில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

நிலைப்படியையும் கவனியுங்கள். பெரியவர்கள் அதைத் தாண்டுவதாகவே நினைப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏறி, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் இறங்க வேண்டிய ஓர் இடம்.

பெயரடையை எடுத்துவிட்டு வினையைத் தேடுங்கள்

அழகான, ரம்மியமான, கண்ணைக் கவரும், வண்ணமயமான, பிரம்மாண்டமான. இந்தச் சொற்களை உங்கள் கைப்பிரதியில் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள்: பிள்ளை இங்கே என்ன செய்யும்?

'வண்ணமயமான ஆத்தங்குடித் தரை' என்று எழுதினால் ஒன்றும் நடக்கவில்லை. 'சிவப்புப் பூவில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும், பச்சையில் வைத்தால் அவுட்' என்று எழுதினால், படிக்கிற பிள்ளையின் கால் ஆடத் தொடங்கும். நிறம், வடிவம், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்பது எல்லாம் அந்த விளையாட்டுக்குள் வந்துவிடும்.

அந்த ஆத்தங்குடிக் கல்லையே இன்னும் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் வருணனைக்கு அதைப் போல நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையைக் கல் போடுகிற பட்டறைக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று வையுங்கள். தரையில் ஒரு சதுரக் கண்ணாடி. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத்தில் தடுப்புகள் வைத்த ஓர் அச்சு. வேலை செய்கிறவர் கரண்டியால் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார். அச்சைத் தூக்குகிறார். நிறங்கள் கலக்காமல் நிற்கின்றன. உடனே அதன்மேல் மணலும் சிமெண்டும் தூவி மூடிவிடுகிறார். பூ மறைந்துபோகிறது. இப்போது வெறும் சாம்பல் நிறச் சதுரம்தான். அது இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கடைசியில் கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போதுதான் பூ மறுபடி முகம் காட்டும். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் வழவழப்பு.

இதை 'அழகிய பூ வேலைப்பாடு கொண்ட கல்' என்று ஒரே மூச்சில் சொன்னால் எவ்வளவு நட்டம் என்று பாருங்கள். நடந்த வரிசையிலேயே சொன்னால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது: பூ வந்தது, காணாமல் போயிற்று, திரும்ப வந்தது. முத்து "ஐயோ, ஏன் மூடினீங்க?" என்று பதறுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், முடிந்த பொருளை வருணிக்காதீர்கள். உண்டாவதைக் காட்டுங்கள். ஓலைக்கூடையான கொட்டான் முடைவது, தேன்குழல் பிழிவது, கண்டாங்கிச் சேலைக்குத் தறியில் கட்டம் விழுவது எல்லாம் இப்படிச் சொல்லத் தகுந்தவை.

எந்தத் தகவலை விடலாம், எதை வைக்கலாம்

தகவலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பர்மாவை எடுத்துவிட்ட நான், முட்டையை வைத்துக்கொள்வேன். இந்த வீடுகளின் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். அதனால்தான் சுவர் இப்படி மினுமினுக்கிறது. பிள்ளைக்கு முட்டை தெரியும். கையில் பிடித்திருக்கிறது, உடைத்திருக்கிறது. "அப்போ இந்தச் சுவருக்குள்ள எத்தனை முட்டை இருக்கும் அப்பத்தா?" என்று அது கேட்கும். கேள்வி கேட்க வைக்கிற தகவலை வையுங்கள். தலையாட்ட மட்டும் வைக்கிற தகவலை விட்டுவிடுங்கள்.

பர்மா வேண்டிய கதையும் உண்டு. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது அங்கிருந்த நம் ஆட்கள் பலர் கால்நடையாகவே காடும் மலையும் தாண்டி வந்தார்கள். அந்தக் காலத்தை எழுதுகிறீர்கள் என்றால், போரைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதைவிடத் திரும்பி வந்த அப்பச்சியின் காலை எழுதுங்கள். "அப்பச்சி தூங்கிக்கொண்டிருந்தார். உமையாள் அவர் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். பனைமட்டை போலச் சொரசொரவென்று இருந்தது. போகும்போது இப்படி இல்லை." இதைப் படித்த பிள்ளை எவ்வளவு தூரம் நடந்தார் என்று தானே கேட்கும். அப்போது சொல்லுங்கள்.

இப்படிப் பழைய காலத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழி. கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு பழைய நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தவர். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு பழைய அழைப்பிதழில் இருக்கிற எழுத்தின் வடிவமும் தாளின் நிறமும் உங்கள் கதைக்குக் கொடுப்பதை எந்த வரலாற்றுப் புத்தகமும் கொடுக்காது.

காதுக்கும் மூக்குக்கும் எழுதுவது

படப்புத்தகம் எழுதுகிறீர்கள் என்றால் இது மிக முக்கியம். கண்ணுக்குத் தெரிவதை ஓவியர் வரைந்துவிடுவார். தூண் என்ன நிறம், பாட்டி என்ன சேலை என்பது உங்கள் வேலை இல்லை. சத்தம், வாசம், சூடு, குளிர், ருசி ஆகியவற்றை வரைய முடியாது. அவைதான் உங்களுக்கு மிச்சம்.

வளவில் மழை பெய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது வற்றாத ஆறு இல்லாத பூமி. ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற தண்ணீரை ஊரணியில் பிடித்தால்தான் உண்டு. ஆகவே மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே திருவிழாதான். அதை 'மழை சோவென்று பெய்தது' என்று முடித்துவிடாதீர்கள். வருகிற வரிசையைப் பிடியுங்கள். முதலில் செம்மண் வாசம். அப்புறம் ஓட்டில் ஒன்று, இரண்டு, எண்ணக்கூடிய அளவில் டொப், டொப். உமையாள் எண்ணத் தொடங்குகிறாள். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. சடசடவென்று வந்துவிட்டது. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டுகிறது. மூலையில் வைத்த பித்தளை அண்டா முதலில் டங் டங்கென்கிறது. பாதி நிறைந்ததும் அதன் குரல் மாறுகிறது. எதிர்ப்பக்கம் அப்பத்தா ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் மழை என்ற சொல்லே இல்லை. ஆனால் எவ்வளவு பெரிய மழை என்பதை அதுதான் சொல்கிறது.

சலசல, மடமட, கரகர என்று இரட்டைக்கிளவிகள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை உயிர். ஆனால் பழக்கத்தால் வந்து விழுவதை எழுதாதீர்கள். பழைய பூட்டு உண்மையில் எப்படிச் சத்தம் போடுகிறது என்று ஒருமுறை திறந்து கேளுங்கள். என் காதுக்கு அது 'க்ளுக்' என்று உள்ளே ஒருதரம், 'டக்' என்று வெளியே ஒருதரம். அகராதியில் இல்லாவிட்டால் என்ன, எழுதுங்கள்.

ருசியிலும் இதே சோம்பல் வரும். 'பணியாரம் மிகவும் சுவையாக இருந்தது' என்றால் நாக்கில் ஒன்றும் படவில்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக, உள்ளே ஊதச் சொல்கிற சூடு, தொட்டுக்கொண்ட சட்டினியால் மூக்கில் தண்ணீர். கவுனி அரிசி என்றால் ஊறவைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறுவதிலிருந்து தொடங்கலாம்.

உவமை

தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செய்கிற செயல், தருகிற பயன், வடிவம், நிறம். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த நான்கையும் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நாம் எழுதுகிற உவமைகளில் பெரும்பகுதி நிறமும் வடிவமும்தான்: பால் போல வெண்மை, முத்துப் போலப் பல். கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவை. வினை உவமைக்கு மாறிப் பாருங்கள். "மாவு எண்ணெய்க்குள் முங்கியது. அப்புறம் மூச்சு முட்டினாற்போல மேலே வந்து உப்பிக்கொண்டது." ஊரணியில் முங்கு நீச்சல் அடித்த எந்தப் பிள்ளைக்கும் இது உடம்பால் தெரியும்.

உவமைப் பொருள் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கதை நம் ஊரில் நடக்கும்போது உறைபனி போல என்று எழுதாதீர்கள். அதற்காக இன்றைய பிள்ளைக்கு உலக்கையும் ஏற்றமும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வேன், தண்ணீர் பாட்டில், கைப்பேசியின் அதிர்வு எல்லாம் அதன் உலகம்தான்.

மனதில் நடப்பதைப் பொருளிடம் விடுங்கள்

அதே தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்கிறது. நிலமும் பொழுதும் முதல். அங்குள்ள மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் எல்லாம் கரு. மனதில் நடப்பது உரி. முதலையும் கருவையும் சரியாக வைத்துவிட்டால் உரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரவில் அந்த வழியே போகிற உமையாளைப் பற்றி 'மிகவும் பயந்தாள்' என்று எழுதுவதற்குப் பதில்:

"பல்பு எரியவில்லை. உமையாள் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஒரு கதவு. இன்னொரு கதவு. மூன்றாவது கதவு இருக்க வேண்டிய இடத்தில் கை காற்றுக்குள் போயிற்று."

யாருடைய பிள்ளை என்பதும் இதில் சேரும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்திக்கு அந்தக் கதவு புதிர். சமையல்காரர் மகனுக்கு அது உள்ளே போகக் கூடாத அறை. காவல்காரர் மகளுக்கு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று இருட்டிலும் தெரியும். ஒரே வீடு, மூன்று வருணனை. செட்டிநாட்டுக் கதை என்றாலே வீட்டுக்காரப் பிள்ளையின் கண் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளையும் எழுதுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வாக்கியத்தை உடைப்பது

தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து வரிசை கட்டும். "நேற்றைய மழையில் நனைந்து ஊதிப்போய்த் திறக்க முடியாமல் இருந்த பின்கட்டுக் கதவின் இடுக்கில் மாட்டியிருந்த பட்டத்தை உமையாள் பார்த்தாள்." பட்டம் வருவதற்குள் பிள்ளை மழை, ஊதல், கதவு, இடுக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டும். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஏழு வயதுக்கு இது பாரம். இறக்கி வையுங்கள்: "கதவு இடுக்கில் ஒரு பட்டம்! உமையாள் கதவை இழுத்தாள். அசையவில்லை. நேற்றைய மழையில் கதவு ஊதிப்போயிருந்தது."

ஒளித்து வைத்துத் திடுக்கிட வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்த நீளத்தைப் பயன்படுத்தலாம். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து, மீசையை ஆட்டிக்கொண்டு, கரகரவென்று உறுமிக்கொண்டு வந்தது ஒரு பூனை என்று பெயரைக் கடைசிக்குத் தள்ளினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வருணனையையும் முதல் பக்கத்தில் கொட்ட வேண்டாம். இந்த வீட்டுக்குள் ஒருவர் நுழைவதுபோலக் கொடுங்கள்: முகப்பில் இருக்கும்போது முகப்பு, வளவுக்கு வந்த பிறகு வளவு, இரண்டாங்கட்டு அதன் முறை வரும்போது. ஐந்தாறு வயதுக்கு ஓர் இடத்தில் ஒரு வாக்கியம் போதும். எட்டு வயதுக்கு இரண்டு மூன்று. பத்து வயதைத் தாண்டியவர்கள் ஒரு முழுப் பத்திக்கும் நிற்பார்கள், அதற்குள் ஏதாவது நடந்துகொண்டிருந்தால்.

நம் ஊர்ச் சொற்களை எழுதத் தயங்காதீர்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் போட வேண்டாம். "சாரல் அடித்தது. உமையாள் ஓடிப்போய்ப் பட்டாலையில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அங்கே எட்டாது" என்றால், மதுரைப் பிள்ளைக்கும் அது உயரமான, நனையாத, படுக்கத் தோதான இடம் என்று விளங்கிவிடும். அப்பத்தா, ஆயா, ஐயா, அப்பச்சி என்று பிள்ளைகள் கூப்பிடுவதே ஊரைச் சொல்லிவிடும்.

வரைந்து பார்க்கச் சொல்வது

எழுதி முடித்ததும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகள் வேண்டாம், அவர்கள் உங்களுக்காகக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பள்ளிப் பிள்ளைகள். கையில் பென்சில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். எந்த வரியில் ஒருவன் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்குகிறானோ அங்கே ஒரு கோடு. கோடு விழுந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு வருணனைதான் இருக்கும்.

அப்புறம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, கதையில் பிடித்த இடத்தை வரையச் சொல்லுங்கள். எதை வரைய வேண்டும் என்று சொல்லாதீர்கள். தூண் பகுதியை நான் வாசித்தபோது பல தாள்களில் தூணும், அதைச் சுற்றி இரண்டு பிள்ளைகளின் கைகளும் மட்டும் இருந்தன. ஒரு சிறுமி கைகளை மிக நீளமாக வரைந்து, நடுவில் ஒரு சாண் இடைவெளியை அளந்ததுபோல விட்டிருந்தாள். எழுதாத ஒன்றை யாராவது வரைந்திருந்தால், உதாரணமாகத் தூணில் ஒரு பல்லி, அதை அவர்களிடமே அனுமதி கேட்டுக் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு வரி எழுதிய பொருள் ஒரு தாளிலும் இல்லையென்றால், அந்த நான்கு வரியை எடுத்துவிட்டுக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். அநேகமாக நிற்கும்.

படப்புத்தகமாக வரப்போகிறது என்றால், ஓவியருக்கு அந்தத் தாள்களையும் அனுப்புங்கள். அதோடு பூட்டு, சாவி, நிலைப்படி, அண்டா ஆகியவற்றைப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து எடுத்த படங்களும், ஒவ்வொன்றின் அளவும் போகட்டும். செட்டிநாட்டைப் பார்த்திராத ஓவியர் இணையத்தில் தேடினால் அவருக்குக் கிடைப்பவை எல்லாம் பெரியவர்கள் நின்றுகொண்டு, அண்ணாந்து, கூரையைப் பார்த்து எடுத்த படங்களாகவே இருக்கும்.